கட்டை பிடித்தவர்

காலை ஏழு மணி. நகர மண்டபத்துக்குள் மூச்சு விட்டால் புகையாக வந்தது. நோரீன் கோட்டைக் கழற்றாமல், விரல் நுனி வெட்டிய கம்பளிக் கையுறையோடு, மடியில் சுடுநீர்ப் பையை வைத்துக்கொண்டு ஆர்கனின் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். சுருதி சேர்க்கிற நாட்களில் கணப்பு போடக் கூடாது. சூடு ஏறினால் குழல்களின் சுருதியும் தன் இஷ்டத்துக்கு ஏறிவிடும். அவளுக்குப் பின்னால் ஆயிரத்து இருநூறு நாற்காலிகளும் பிளாஸ்டிக் உறை போர்த்திக் கிடந்தன.

"அடுத்தது!" என்று ஆர்கனின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

நோரீன் அந்தக் கட்டையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டையை அழுத்தினாள்.

உள்ளே இருப்பவர் மால்கம். முகப்பில் பொன்வண்ணம் பூசி நிற்கிற பெரிய குழல்களுக்குப் பின்னால், மூன்று மாடி உயரத்துக்கு மரச்சட்டமும் ஏணியுமாக ஒரு வீடே இருந்தது. அதற்குள் மூவாயிரத்துச் சொச்சம் குழல்கள். ஆள் இறங்கி நிற்கிற பருமனில் சில, பென்சிலைவிட மெலிந்தவை பல. மால்கம் ஒரு பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, மெல்லிய இரும்புத் தகட்டால் குழலின் தலையிலுள்ள தகர வளையத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். பக்கத்துக் குழலோடு சேராதவரை சத்தம் அலை அலையாக ஆடும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். சேர்ந்ததும் நின்றுவிடும். நின்றதும் "அடுத்தது" என்பார். ஒரு நாளைக்கு இருநூறு தடவை இப்படி. வேலை நேரத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

அந்த வரிசையின் கடைசிப் பன்னிரண்டு கட்டைகள் வந்தன. அங்கே குழல்கள் சுண்டுவிரல் அளவுதான். சத்தம் ஊசி மாதிரி இருக்கும். நோரீன் அழுத்தினாள். ஊசி நடுங்கியது. உள்ளே தகடு ஒரு தடவை தட்டியது. நடுக்கம் போகவில்லை. நோரீன் கட்டையை விட்டுவிட்டு, டக் டக்கென்று இரண்டு தடவை அழுத்தினாள். உள்ளே தகடு மறுபடி தட்டியது. இன்னும் இரண்டு அழுத்து. இன்னும் ஒரு தட்டு. நடுக்கம் நின்றது. நோரீன் கட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தது!" என்றார் மால்கம், தானே கேட்டு முடிவு செய்தவரைப் போல.

இது தொடங்கி நான்கு வருடமாகிவிட்டது. மலைமேல் ஒரு சின்னத் தேவாலயத்தில் வேலை. ஒரு சின்னக் குழல் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே மால்கம் "அடுத்தது" என்றார். நோரீன் கட்டையை விடவில்லை. "என்ன தாயே, தூங்கிட்டியா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். "இல்ல. இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் அவள். பிறகு, "மேலயா?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. "மேலதான்" என்றாள். அன்று மாலை வண்டியில் திரும்பும்போது இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் வாய்வார்த்தைகூட வேண்டியிருக்கவில்லை. கட்டை விழும் டக் சத்தம் உள்ளே கேட்கும்; இரண்டு அழுத்து என்றால் சுருதி மேலே, ஒன்று என்றால் கீழே, அசையாமல் பிடித்தால் சரி.

நோரீனின் காது பாம்புக் காது. எங்கள் ஊர்க் கம்பளி ஆலைகளில் நெசவுக்கூடத்துப் பெண்களுக்குக் காது போகும். நெய்த துணியில் பிழை பார்த்துத் தைக்கிற பெண்களுக்குக் கண் போகும். அவள் அம்மா நெசவுக்கூடம். ஐம்பது வயதில் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டாள். நோரீன் பிழை பார்க்கும் பிரிவு. ஆலை மூடியபோது அவளுக்கு மிஞ்சியது தடிமனான மூக்குக் கண்ணாடியும் பழுதில்லாத காதும்தான். ஒன்பது வருடமாக ஆர்கன் கம்பெனிக்குக் கட்டை பிடிக்கிறாள். மணிக்கூலி.

பத்தரைக்குத் தேநீர். மண்டபக் காவலாளி ஷபீர் தன் அறையிலிருந்து ஒரு பொட்டலம் சமோசாவோடு வந்தான்.

"அக்கா, காலையிலேர்ந்து ஒரே பாட்டுதானா? அதுவும் ஒரே எழுத்து. எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

"உனக்கு இனிமேதான் பிடிக்கணுமா?" என்றாள் நோரீன். தன் பங்குக்கு இஞ்சி கேக்கில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள்.

மால்கம் ஏணியில் பின்புறமாக இறங்கி வந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, சமோசாவை எடுத்துக் கடித்தார். "இந்த ரெண்டு வருஷத்துல மூவாயிரம் குழலையும் கழட்டி, கழுவி, நெளிவு எடுத்து, திரும்ப மாட்டிட்டோம். இவன் சமோசால காரம் போடறதை மட்டும் நிறுத்த முடியல."

"போன வாரம் நாலு தின்னீங்களே, அப்ப எங்க போச்சு காரம்?"

"அது பசி. இது ருசி பாக்கறேன்."

ஷபீர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே முன்கதவு திறந்து ஸ்டூவர்ட் உள்ளே வந்தான். கம்பெனி முதலாளியின் மகன், முப்பத்தைந்து வயது. ஒப்பந்தம், செலவு, நகராட்சியோடு பேச்சு எல்லாம் அவன் கையில். கெட்டவன் இல்லை, கிறிஸ்துமஸுக்கு எல்லோர் வீட்டுக்கும் தானே போய்க் கேக் கொடுப்பவன். அன்று கையில் மெல்லிய கறுப்பு டேப்லெட் ஒன்றை வைத்திருந்தான்.

"ஒரு நிமிஷம், எல்லாரும் இங்க பாருங்க" என்று அதன் கண்ணாடியில் விரல் வைத்தான். யாரும் தொடாமலே ஆர்கன் ஒரு சுரத்தைப் பிடித்தது. விரலை நகர்த்தினான். அடுத்த சுரம் வந்தது. ஷபீர் "யா அல்லா" என்றான்.

"மால்கம், இனிமே நீங்க உள்ள படுத்துக்கிட்டே நீங்களே அழுத்திக்கலாம். கத்த வேண்டாம். தொண்டை மிச்சம்." ஸ்டூவர்ட் நோரீன் பக்கம் திரும்பினான். குரல் தணிந்தது. "நோரீன், இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நகராட்சி குடுத்ததுக்கு மேல செலவாயிடுச்சு. இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வாங்க. நான் ஒரு நல்ல கடிதம் எழுதித் தரேன், எங்க வேணும்னாலும் காட்டலாம்."

"கட்டை பிடிப்பாள்னு எழுதின கடிதத்தை நான் யாருகிட்ட காட்டறது? ரொட்டிக் கடையிலயா?"

ஸ்டூவர்ட் சிவந்துபோனான். "மால்கம், இவங்க இல்லாம முடியாதுன்னு ஏதாவது காரணம் இருந்தா இப்பவே சொல்லுங்க. அப்பாகிட்ட நான் பேசறேன்."

மால்கம் கையிலிருந்த சமோசாவைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். நோரீனைப் பார்க்கவில்லை.

"காரணம்னு ஒண்ணும் இல்ல. பழகிக்கலாம்" என்றார்.

ஸ்டூவர்ட்டின் தொலைபேசி அடித்தது. பேசிக்கொண்டே முன்கூடத்துக்குப் போனான். நோரீன் பின்கதவைத் திறந்துகொண்டு குப்பைத் தொட்டிகள் இருக்கிற சந்துக்கு வந்தாள். மால்கம் பின்னாலேயே வந்தார். ஒரு சிகரெட்டைச் சுருட்டத் தொடங்கினார். புகையிலை பாதி கீழே கொட்டியது.

"வாய்ல என்ன பூட்டா?" என்றாள் நோரீன்.

"நீ இல்லாம முடியாதுன்னு சொன்னா, ஏன்னு கேப்பான்."

"கேட்டா சொல்லேன்."

"சொன்னா அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. காது கேக்காத சுருதிக்காரனை எவன் வெச்சுக்குவான்?"

நான்கு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னது அன்றுதான்.

"காதுக்கு மெஷின் வெச்சுப் பாத்தியா?"

"வெச்சேன். எல்லாம் தகர டப்பா மாதிரி கேக்குது. சுருதி பாக்கற மீட்டரும் வாங்கிப் பாத்தேன். சின்னக் குழலுக்கு அதோட முள்ளு நிக்காம ஆடுது." சிகரெட்டைப் பற்ற வைக்காமலே உதட்டிலிருந்து எடுத்தார். "இன்னும் இருபத்திரண்டு மாசம் நோரீன். அப்புறம் ஓய்வூதியம் வந்துடும். ஷீலாவால இப்ப ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியல. பகல்ல அவளைப் பாத்துக்க வர பொம்பளையை நிறுத்தினா, நான் வேலைக்கே போக முடியாது."

"எனக்கு ஆறு வருஷம்" என்றாள் நோரீன். அவளுக்கு அறுபதில் வர வேண்டிய ஓய்வூதியத்தை அரசாங்கம் அறுபத்தாறுக்குத் தள்ளிவிட்டிருந்தது. "ஆறு வருஷம் என்னை யாரு பாத்துப்பா? உனக்காவது பொண்டாட்டின்னு ஷீலா இருக்கா, திட்டறதுக்கு."

கதவு வழியாக ஸ்டூவர்ட் தொலைபேசியில் சிரிப்பது கேட்டது. முப்பதடி நடந்து போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நோரீனுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் பிழை பார்த்துப் பழகிய புத்தி, அந்த ஆத்திரத்திலும் இழையைப் பிடித்துக்கொண்டு போனது. சொன்னால் தன் வேலை நிற்கும் என்பது நிச்சயமில்லை. காது கேட்கிற இளம் ஆள் ஒருவனை எடுத்து அவன் கையில் டேப்லெட்டைக் கொடுப்பார்கள். மால்கம் வேலை போவது மட்டும்தான் நிச்சயம்.

"சின்னக் குழல் வரிசை மொத்தம் எத்தனை பாக்கி?" என்று கேட்டாள்.

"அறுநூறு சொச்சம். ஏன்?"

"நாளைக்கு, நாளன்னிக்கு, வெள்ளி. மூணு நாள். நான் இருக்கறப்பவே சின்னதை எல்லாம் முடிச்சிடலாம். பெரிசு உனக்குக் கேக்கும். அதை அந்தக் கண்ணாடிப் பலகையை வெச்சுக்கிட்டு நீ பண்ணிக்கோ."

மால்கம் தலையை ஆட்டினார். "அது தலைகீழ் வேலை. சின்னதைக் கடைசியிலதான் தொடணும். வளையமெல்லாம் புதுசு, இன்னும் படியல. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் அதுங்க மேலயே ஏறி இறங்கிக்கிட்டு இருப்பேன். நிக்காது."

"வேற வழி இருந்தா சொல்லு."

மால்கம் சிகரெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஆறு மணிக்கே வந்தார்கள். ஷபீர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். காலைத் தேநீருக்குள் எழுபது குழல்களை முடித்தார்கள். டக் டக். தட்டு. டக். தட்டு. அசையாமல் பிடி. "அடுத்தது!" வியாழக்கிழமை மதியத்துக்குள் நோரீனின் நடுவிரல் மூட்டு வீங்கி, கையுறை ஏறவில்லை. மேலே மால்கம் முழங்கைக்கு அடியில் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். தேநீர் நேரத்தில்கூட அதிகம் பேசவில்லை. ஷபீர் மட்டும், "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டுவிட்டுச் சமோசாவை வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கடைசிக் குழல் சேர்ந்தது. கதவுத் தாழ்ப்பாளைவிடச் சின்னது. நோரீன் கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் மண்டபம் முழுவதும் அமைதியாகிவிட்டது. மால்கம் இறங்கி வந்து, பெஞ்சுக்கு அருகில் தொங்குகிற நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எந்த நாளில் எந்த வரிசை சேர்த்தது, மண்டபத்தின் குளிர் எத்தனை என்று அதில் எழுத வேண்டும். கடைசிப் பத்தியின் தலையில் 'கட்டை பிடித்தவர்' என்று அச்சடித்திருக்கும். அதை யாரும் நிரப்புவதில்லை. ஒன்பது வருடமும் எந்த ஆர்கனின் புத்தகத்திலும் அது வெள்ளையாகவே இருந்தது.

"இந்த மூணு நாளைக்காவது அதுல எழுது" என்றாள் நோரீன், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.

"எதுல?"

"அந்தக் கடைசிப் பத்தியில. பேரு எழுதத்தானே இடம் விட்டிருக்கான்?"

மால்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கையெழுத்து அழகு. குழல்களில் எண் செதுக்கிப் பழகியது. மூன்று வரிகளிலும் 'நோரீன் ஹோல்ராய்டு' என்று நிதானமாக எழுதினார். நோரீன் குனிந்து பார்த்தாள். "ஹோல்ராய்டுக்கு வால் கொஞ்சம் நீளம்" என்றாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்கத் தெரியாமல் சுடுநீர்ப் பையிலிருந்த தண்ணீரைக் கொட்டப் போனாள்.

வேலை போன மூன்றாவது வாரம் ஷபீர் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். மண்டபத்தைத் திறக்கப் போகிறார்கள், துடைக்க ஆள் எடுக்கிறார்கள், குத்தகைக்காரன் தனக்குத் தெரிந்தவன் என்றான். "சின்ன வேலைதான் அக்கா. திறப்பு விழா வரைக்கும் நிச்சயம். அப்புறம் பாத்துக்கலாம்." நோரீன் அன்றே போய் நீல மேலங்கியை வாங்கிக்கொண்டாள். அதே மண்டபம், அதே பின்கதவு. இப்போது கணப்பு போட்டிருந்தார்கள். புது வண்ணம் காய வேண்டும் என்று இரண்டு நாளாக முழு வேகத்தில் ஓடியதாம். மேலே நாற்காலிகள் போட்ட மாடிவரிசையில் நெற்றி வியர்க்கும் அளவுக்குச் சூடு தேங்கியிருந்தது. நோரீன் அண்ணாந்து ஆர்கனைப் பார்த்தாள். சின்னக் குழல்கள் எல்லாம் அந்த உயரத்தில்தான் இருந்தன.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஒத்திகை. லண்டனிலிருந்து வாசிக்க வந்தவர் நெட்டையான மனிதர். மேல்கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். நோரீன் மாடிவரிசையின் பித்தளைக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய குழல்கள் முழங்கியபோது கம்பியே அவள் கையில் அதிர்ந்தது. அத்தனையும் சுத்தம். மால்கம் வேலை. பிறகு வாசிக்க வந்தவர் சின்னக் குழல்களைப் பேசவைக்கிற குமிழ்களை இழுத்தார். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாசித்தவர் கையை எடுத்துவிட்டார்.

"இதை இப்படியே வெச்சுக்கிட்டு நான் வாசிக்க முடியாது" என்றார் பணிவாகவே.

கீழே ஸ்டூவர்ட் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். மால்கம் பக்கத்தில் நின்றார்.

"பெரிய குழல் எல்லாம் டேப்லெட்டை வெச்சு செஞ்சது. அது நல்லா நிக்குது. கெட்டுப்போனது அவ்வளவும் இந்த மூணு நாள்ல செஞ்சது." அவன் விரல் கடைசிப் பத்தியில் நின்றது. "நோரீன் கட்டை பிடிச்சது. ஏன் மால்கம் சின்னதை முதல்ல எடுத்தீங்க?"

"கட்டைக்கு ஆள் இருக்கறப்பவே முடிச்சிடலாம்னு..." என்று மால்கம் இழுத்தார்.

"வேலை போகுதுன்னு தெரிஞ்ச மூணு நாள். மனசு எங்க இருந்திருக்கும் அவங்களுக்கு? நான் அவங்களைத் தப்பு சொல்லல. அவசர அவசரமா அடுத்த கட்டைக்குத் தாவியிருப்பாங்க."

மாடியில் நோரீன் துணியை நிறுத்தினாள். மால்கம் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"இருக்கலாம்" என்றார் மால்கம்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. ஸ்டூவர்ட் புத்தகத்தை மூடினான். நாளையும் நாளை மறுநாளும் மால்கம் தனியாக உட்கார்ந்து சின்னக் குழல்களை மறுபடி சேர்ப்பது என்று முடிவாயிற்று. கணப்பை நிறுத்தச் சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு மால்கம் அண்ணாந்தார். நீல மேலங்கியைப் பார்த்தார். படியேறி வந்தார். பாதிப் படியில் நின்றுவிட்டார்.

"நோரீன்..."

"என் பேரை நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாள் அவள். "ஸ்டூவர்ட்டால ஒரு தடவையிலேயே படிக்க முடிஞ்சது பாரு."

"நான் என்ன பண்ணட்டும்?"

"படியை இப்பதான் துடைச்சேன். ஓரமா இறங்கு."

அன்று வீட்டில் அவள் அழுதாள். வேலை போனபோது அழாதவள், தேநீர்க் கெட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது குழாயை மூட மறந்து நின்று அழுதாள்.

மறுநாள் காலை மண்டபம் மறுபடி குளிர்ந்து கிடந்தது. நோரீன் வாளியும் மாப்புமாக மாடிவரிசைக்கு ஏறினாள். ஆர்கனுக்குள் மால்கம் டேப்லெட்டோடு படுத்திருந்தார். முதல் சுரம் வந்தது. நடுங்கியது. தகடு தட்டியது. நடுக்கம் அதிகமாயிற்று. பிறகு, பழக்க தோஷத்தில், "அடுத்தது!" என்று கத்தினார். யாரும் அழுத்தவில்லை. அவரே அழுத்தினார்.

நோரீன் துடைத்தாள். இரண்டாவது குழல் தப்பு. மூன்றாவதும் தப்பு. நான்காவது தற்செயலாகச் சேர்ந்தது; அது சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாமல் மறுபடி தட்டிக் கெடுத்தார். நல்லா வேணும் என்று நினைத்தாள். கேட்கட்டும், சனிக்கிழமை விழாவில் ஊரே கேட்கட்டும். ஐந்தாவது குழல் சரியான இடத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்று நடுங்கியது. மால்கம் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த நடுக்கம் அவள் பல்லில் கூசியது. துணியில் ஒரு இழை பிசகி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஊசியைக் கீழே வைத்தவள் இல்லை அவள். ஷீலாவின் ஸ்பூனும் நினைவுக்கு வந்தது. கோபம் குறையவே இல்லை. கோபத்தோடேயே மாப்பைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் தரைப்பலகையில் இரண்டு தடவை இடித்தாள்.

டொக் டொக்.

உள்ளே பலகை கிறீச்சிட்டது. பிறகு தகடு ஒரு தடவை, மிக மெதுவாகத் தட்டியது. நடுக்கம் நின்றது. நோரீன் மாப்பை அசைக்காமல் பிடித்தாள்.

"அடுத்தது" என்றார் மால்கம்.

முதல் குழலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். பதினொரு மணிக்குள் நூறு தாண்டியது. டொக் டொக். டொக். மாடிவரிசையில் ஒரே ஆறடி இடத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பத் துடைத்திருந்தாள். அப்போது கீழே கதவு திறந்து ஸ்டூவர்ட் வந்தான். நடுவில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டான். முகம் மலர்ந்தது.

"அருமை மால்கம்! மெஷின் வந்ததும் வித்தியாசம் தெரியுது பாத்தீங்களா?"

டொக் டொக்.

அவன் அண்ணாந்தான். "நோரீனா? நீங்க இங்க வேலைக்குச் சேந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்." நிஜமாகவே சந்தோஷப்பட்டான். "ஒரு உதவி. கொஞ்ச நேரம் சத்தமில்லாம துடைக்க முடியுமா? அவருக்குக் கேக்கணும்ல."

"சரிங்க" என்றாள் நோரீன்.

ஸ்டூவர்ட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். ஆர்கனுக்குள் ஒரு சுரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. மால்கம் தட்டவும் இல்லை, அடுத்ததுக்குப் போகவும் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அது அப்படியே நடுங்கிற்று. நோரீன் மாப்பைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை வலித்தது. ஸ்டூவர்ட் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். "எவ்வளவு நுணுக்கமா பாக்கறாரு" என்று பக்கத்தில் வந்து நின்ற ஷபீரிடம் மெதுவாகச் சொன்னான். ஷபீர் மாடியைப் பார்த்தான், ஆர்கனைப் பார்த்தான், பிறகு சட்டென்று, "சார், வாசல்ல நகராட்சிக்காரங்க உங்களைத் தேடறாங்க" என்றான். ஸ்டூவர்ட் எழுந்து போனான். நகராட்சியிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.

டொக் டொக்.

இரண்டாம் நாள் மாலை அறுநூறும் முடிந்தன. லண்டன்காரர் வந்து குமிழ்களை இழுத்து வாசித்துப் பார்த்தார். மண்டபத்தின் கூரையில் வெயில் விழுந்த மாதிரி இருந்தது அந்தச் சத்தம். அவர் எழுந்து போய் மால்கமின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஸ்டூவர்ட், முன்வரிசையில் மால்கமுக்கும் ஷீலாவின் சக்கர நாற்காலிக்கும் இடம் போட்டிருப்பதாகச் சொன்னான். மால்கம் மாடியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. நோரீன் கீழே கழிப்பறைகளைத் துடைக்கப் போயிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு கடைசி வேலையாக ஆர்கனின் பெஞ்சைத் துடைக்க வந்தாள். நோட்டுப் புத்தகம் திறந்தே கிடந்தது. அவள் பெயர் இருந்த மூன்று வரிகளையும் சிவப்பு மையால் அடித்து, 'மறுபடி செய்யப்பட்டது' என்று ஸ்டூவர்ட் எழுதியிருந்தான். அதற்குக் கீழே நேற்றைய தேதி, இன்றைய தேதி. மால்கமின் அழகான கையெழுத்து. சின்னக் குழல்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு. கட்டை பிடித்தவர் என்ற பத்தியில் இரண்டு வரியிலும் 'டேப்லெட்' என்று எழுதியிருந்தார்.

நோரீன் புத்தகத்தின் கீழிருந்த தூசியைத் தட்டிவிட்டு, அதைப் பழையபடி மாட்டினாள். காய்ந்த துணியை எடுத்து வெள்ளைக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனாள். குழல்களுக்குக் காற்று அனுப்புகிற விசையை நிறுத்தியிருந்தார்கள். எந்தக் கட்டையும் பேசவில்லை. வலது ஓரத்தில் கடைசிக் கட்டைக்கு வந்ததும் துணியை மடித்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வீங்கிய விரலை அந்தக் கட்டையின் மேல் வைத்து, இரண்டு தடவை அழுத்தினாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனாள்.